குருநகர்ப் பிலாக்காய்

மலாயாவிலிருந்து பென்சன் எடுத்து ஊர் திரும்பியவர்கள் எல்லோரிடமும் ஒரு புலிக் கதை இருக்கும். புலியை நேரே கண்டவர், புலியின் காலடியைக் கண்டவர், புலியைக் கண்டவனைக் கண்டவர் என்று மூன்று தரம். இணுவில் ஆழ்வாப்பிள்ளை மலாயா றெயில்வேயில் எழுதுவினைஞராக இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தவர். ஆனால் அவரிடம் புலி இல்லை. அவரிடம் இருந்தது பற்றீஸ்.

பற்றீஸ் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அது பறங்கியர் சமையலின் பெயர். மாவுக்குள்ளே கறியை வைத்து மூடுகிற பலகாரம் உலகம் முழுக்க இருக்கிறது, அது ஒரு பெரிய குடும்பம், அந்தக் குடும்பத்தில் பற்றீஸ் ஒரு கடைக்குட்டி என்பது அவருடைய கட்சி.

"எந்தத் தேசத்து மனிசன் எண்டாலும் மாவுக்குள்ளை கறியை வைச்சு மூடித்தான் திண்டிருக்கிறான்," என்பார். "மூடுற விதத்திலைதான் ஆள் ஆரெண்டு தெரியும். நீர் விளிம்பைக் காட்டும், நான் ஊரையும் உள்ளுக்கு இருக்கிற கறியையும் சொல்லுறன்."

சும்மா சொல்லக்கூடாது, சொல்லத்தான் செய்தார். ஈப்போ ஈயச் சுரங்கத்து வெள்ளைக்காரன் கொண்டுவருவது செருப்பளவில் இருக்கும். அதன் விளிம்பு தாம்புக்கயிறு போலத் தடிப்பாக முறுக்கியிருக்கும். சுரங்கத்து அழுக்குக் கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தின்றுவிட்டு, கயிற்றை எறிந்துவிடுவான். மலாய்க்காரியின் கறிபப்புக்கும் கயிறுதான், ஆனால் பெண்பிள்ளை பின்னிய பின்னல் போல மெல்லியது. பஞ்சாபிக் காவற்காரனுடையது முக்கோணம். சீனன் ஆவியில் அவிப்பான், வாயைச் சுருக்குப்பை போல இழுத்துக் கட்டுவான். பறங்கியர் ஓரத்தை முள்ளுக்கரண்டியால் அமத்துவார்கள்.

"இதெல்லாத்துக்கும் மூத்தது எங்கடை கொழுக்கட்டை," என்று முடிப்பார். "இஞ்சையிருந்து கப்பலிலை போனவைதான் உவை எல்லாரும்."

இதில் ஒரு சின்ன விசயம். இத்தனை பலகாரத்தில் ஒன்றைக்கூட ஆழ்வாப்பிள்ளை வாயில் வைத்ததில்லை. அவர் பிறவிச் சைவம். முட்டை பொரித்த தாச்சியைக் கண்டால் அடுத்த வீட்டுக் கிணற்றடிக்குப் போய்க் குளிக்கிற சைவம். அத்தனை வருடமும் ஸ்ரேசன் மேடையிலும் சந்தையிலும் நின்று, பார்த்து, மணந்து, கையில் வைத்து நிறை பார்த்து, நகத்தால் தட்டிச் சத்தம் கேட்டு, அப்படியே திரும்ப வைத்துவிட்டு வந்தவர். கடைக்காரர்கள் அவரைக் கண்டதும் தட்டை மூடினார்கள் என்று அவரோடு வேலை செய்த ஒருவர் எனக்குச் சொன்னதுண்டு.

ஊருக்கு வந்தபின் எல்லாவற்றையும் தன் கையால் செய்தார். கோதுமை மா, நெய், உள்ளே வைக்க வளவில் காய்த்த பூசணிக்காய்க் கறி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒழுங்கையிலிருந்த நாங்கள் எல்லோரும் போய் உட்காருவோம். ஒரு கிழமை சீனா, ஒரு கிழமை பஞ்சாப். இப்படித்தான் நாங்கள் உலகம் சுற்றினோம். போன நாடெல்லாம் பூசணிக்காய் ருசியாகவே இருந்தது.

இந்த வித்தையால் ஆருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்திருந்தால் பிழை. அவருடைய மகள் ஞானாம்பிகைக்கு வந்த முதற் சம்பந்தம் அதாலேயே முறிந்தது. ஆழ்வாப்பிள்ளை மனைவியோடு மாப்பிள்ளை வீட்டுக்கு அழைக்கப்பட்டுப் போயிருந்தார். நல்ல சைவக் குடும்பம், பட்டை பட்டையாகத் திருநீறு. தேத்தண்ணியோடு பற்றீஸ் வந்தது. எங்கள் ஆள் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். மணந்தார். நகத்தால் தட்டினார்.

"இது தகரத்திலை வாற மீன்," என்று சபையிலே சொன்னார். "விளிம்பிலை எண்ணெய் ஊறியிருக்கிற விதத்தைப் பாருங்கோ."

மாப்பிள்ளையின் தகப்பன் வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்த காட்சியை, நல்லம்மா அக்கா எங்கள் வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் என் மனைவிக்கு நடித்தே காட்டினா. நல்லம்மா அக்கா ஆழ்வாப்பிள்ளையின் மனைவி. அந்த வேலிப் பொட்டு கோழி போய்வருவதற்காக விடப்பட்டது. கோழியைவிடச் செய்திகளே அதற்குள்ளால் கூடப் போய்வந்தன. அதனால் இனிச் சொல்லப்போவதை நான் நேரே கண்டதா என்று கேட்கவேண்டாம். கோழிக்குத் தெரிந்தது எல்லாம் எனக்கும் தெரியும்.

ஞானாம்பிகைக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. ஒழுங்கைப் பெண்டுகள் அவளுடைய வயதை அவளுக்கு முன்னால் ஒன்று குறைத்தும் பின்னால் இரண்டு கூட்டியும் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் வட்டுக்கோட்டையிலிருந்து நமசிவாயம் வீட்டுச் சம்பந்தம் வந்தது.

நமசிவாயம் சின்ன ஆள் இல்லை. சைவ ஒழுக்க சபையின் தலைவர். வெள்ளிக்கிழமைகளில் கோயில் வீதியில் நின்று புலாலுண்ணாமை பற்றிப் பேசுவார். அவர் பேசிய இரவில் வட்டுக்கோட்டை ஆடுகள் நிம்மதியாக நித்திரை கொள்ளும் என்று சொல்வார்கள். அவருடைய மகன் செல்வரட்ணம் சுன்னாகம் ஸ்ரேசனில் கிளாக்கர். பெடியன் சாது. ஞானாம்பிகையைக் கோயில் திருவிழாவில் கண்டு, தானே தகப்பனிடம் சொல்லி வைத்தவன். சாதகமும் பொருந்திவிட்டது. இனிப் பெண் பார்க்க வருவது மட்டும்தான் மிச்சம்.

"இஞ்சருங்கோ," என்று நல்லம்மா அக்கா கணவனுக்கு முன்னால் வந்து நின்றா. "இந்த முறை நீங்கள் ஒண்டையும் தூக்கிப் பார்க்கப்படாது. மணக்கப்படாது. தட்டப்படாது."

"எங்கடை வீட்டுப் பலகாரத்தை நான் ஏன் தட்டப்போறன்?"

"சத்தியம் பண்ணுங்கோ."

"வந்தவையின்ரை பலகாரத்தை நான் தொடமாட்டன். காணுமே?"

அந்தச் சத்தியம் இப்படி ஓரமாகப் போனதை நல்லம்மா அக்கா கவனிக்கவில்லை.

சிக்கல் ஒன்று வந்தது. நமசிவாயம் தன் மகனுடைய மேலதிகாரி, சுன்னாகம் ஸ்ரேசன் மாஸ்டரையும் கூட்டிவருவதாகச் சொல்லி அனுப்பினார். அவர் ஒரு பறங்கித் துரை. பெண் பார்க்கிற இடத்தில் பறங்கித் துரைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். துரை வந்து கதிரையில் இருந்தால் மாப்பிள்ளைக்கு ஒரு மதிப்பு. துரைக்கு இறைச்சி இல்லாமல் தேத்தண்ணி இறங்காது என்பது சுன்னாகம் முழுக்கத் தெரிந்த விசயம். ஆகவே துரைக்கு மட்டும் விறாந்தையில் தனியாக ஒரு தட்டு என்று தீர்மானித்து, ஆழ்வாப்பிள்ளை யோசப்பினிடம் போனார்.

யோசப்பின் குருநகர்க்காரி, கத்தோலிக்கம். சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் பாண் சுடுகிற போறணை வைத்திருந்தா. பறங்கி வீடொன்றில் சமைத்துப் பழகிய கை. வாய் மட்டும் ஆரிடமும் பழகாமல் தானாக வந்தது.

"யோசப்பின், இரண்டு விதம் வேணும். ஒண்டு பிலாக்காய். மற்றது... மற்றது."

"ஆட்டிறைச்சி எண்டு சொல்லுங்கோ ஐயா. சொன்னால் வாய் வெந்துபோகாது."

"மெதுவாய்க் கதையும். அது துரைக்கு மட்டும்."

"சரி. இரண்டும் ஒரே மா, ஒரே வடிவம். மாறாமல் இருக்க நான் அடையாளம் போட்டுத் தாறன். ஆட்டுக்கு..."

"சொல்லாதையும்!" ஆழ்வாப்பிள்ளை கையைத் தூக்கினார். "எனக்கு நீர் அடையாளம் சொல்லித்தரப் போறீரோ? நீர் போடும், நான் பார்த்துச் சொல்லுறன்."

"பிழைச்சால் பேந்து என்னட்டை வரக்கூடாது."

"பிழைச்சால் நான் மீசையை வழிச்சுப்போட்டு உந்தச் சந்தையிலை இருந்து வெங்காயம் விக்கிறன்."

"உங்களிட்டை ஆர் வாங்கிறது? ஒவ்வொரு வெங்காயமாய்த் தூக்கி எந்தத் தோட்டமெண்டு சொல்லி முடிய அது முளைச்சுப்போடும்."

பெண் பார்க்க வருகிற அன்றைக்குப் பின்னேரம் யோசப்பின் இரண்டு ஓலைக் கடகங்களோடு பின்வளவால் வந்தா. குசினியில் நின்ற நல்லம்மா அக்காவுக்கு மட்டும் சொன்னா: "அக்கா, மேலை மூண்டு கோடு குத்தினது ஆடு. ஓரம் கயிறு மாதிரி முறுக்கினது பிலாக்காய்." நல்லம்மா அக்கா தலையாட்டிவிட்டு, மகளுக்குச் சேலை உடுத்தப் போனா. திரும்பி வர, கடகம் இரண்டும் வெறுமை. ஆழ்வாப்பிள்ளை தட்டுகளில் அடுக்கி, மண்டபத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

அவர் எப்படி யோசித்தார் என்பதை அவரே பிறகு பெருமையோடு விளக்கியிருக்கிறார். முறுக்கிய கயிறு. மலாயாவில் கயிற்று விளிம்புக்குள் எப்போதும் கிடந்தது இறைச்சி. தவிரவும் கயிறு என்றாலே ஆடு கட்டுகிற கயிறுதானே? மற்றதின் நெற்றியிலோ அழகாக மூன்று கோடு. அதைக் கண்டதும் அவருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. வேதக்காரப் பெண்ணென்றாலும் மரியாதை தெரிந்தவள், சைவத்துக்கு என்று செய்த பலகாரத்துக்குத் திருநீற்றுக் குறி போட்டு அனுப்பியிருக்கிறாளே!

வட்டுக்கோட்டைக்காரர் அதற்குள் வந்து இருந்துவிட்டார்கள். நல்லம்மா அக்கா கதவு இடுக்கால் பார்த்தா. வெள்ளித் தட்டு நமசிவாயத்துக்கு முன்னால் இருந்தது. தட்டு நிறைய மூன்று கோடு.

"இஞ்சருங்கோ," என்று கூப்பிட்டா. வளையலைக் கதவில் தட்டினா. இருமினா. "ஒருக்கால் வந்திட்டுப் போங்கோ."

"பேந்து, பேந்து. தேத்தண்ணியைக் கொண்டுவாரும்," என்றார் ஆழ்வாப்பிள்ளை.

நமசிவாயம் ஒன்றை எடுத்தார். கடித்தார். அவருடைய தாடை ஒருதரம் அசைந்தது, பிறகு நின்றது. கண் மெல்ல மூடியது. கதவுக்குப் பின்னால் நல்லம்மா அக்கா வளையலை இன்னொருதரம் தட்டினா. மகளுடைய கலியாணம் முழுக்க அந்த மனிதரின் வாய்க்குள்ளே கிடந்தது.

"இது... என்ன?" என்றார் நமசிவாயம், கண்ணைத் திறக்காமலே.

"பிலாக்காய்!" என்றார் ஆழ்வாப்பிள்ளை. "பார்த்தவுடனையே தெரியேல்லையோ? நல்ல பிஞ்சுப் பிலாக்காய்."

நமசிவாயம் கொஞ்ச நேரம் மென்றார். அவருடைய சபை, அவருடைய வெள்ளிக்கிழமைப் பேச்சுகள், வட்டுக்கோட்டை ஆடுகள் எல்லாம் அந்த நேரத்தில் அவருக்கு நினைவுக்கு வந்ததோ என்னவோ.

"பிலாக்காய்தான்," என்றார் கடைசியில். "நான் முதலிலை... இல்லை, பிலாக்காய்தான்." இரண்டாவதை எடுத்தார். அதை முடிக்க முன்னமே மூன்றாவதை மற்றக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஆழ்வாப்பிள்ளையும் விருந்தாளிக்குத் துணையாக எடுத்தார். "பாருங்கோ, நார் நாராய் எப்பிடி வருகுது! பக்குவம் தெரிஞ்சவள் செய்தது," என்று சொல்லிச் சொல்லித் தின்றார். ஆட்டை வாழ்நாளில் தொடாத மனிதருக்கு ஆட்டை எப்படி அடையாளம் தெரியும்?

விறாந்தையில் துரை கயிற்றுப் பற்றீஸ்களை ஒவ்வொன்றாக முடித்துவிட்டு, கைலேஞ்சியால் வாயைத் துடைத்தார். "மிஸ்டர் ஆழ்வாப்பிள்ளை," என்றார், "வெரி குட் மட்டன். நல்ல மெத்து."

இதற்கிடையில் மாப்பிள்ளையின் தாய் மீனாம்பிகை, பெண்ணைப் பார்க்கிற சாட்டில் குசினிக்குள் வந்தா. கையில் பாதிப் பற்றீஸ். நல்லம்மா அக்காவின் காதுக்குக் கிட்டக் குனிந்தா.

"பிலாக்காய்க்குள்ளை ஒரு சின்ன எலும்பு கிடந்தது."

நல்லம்மா அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா.

"கொட்டையாக்கும் எண்டு விழுங்கிப்போட்டன்," என்றா மீனாம்பிகை. "ஏன் உப்பிடி வேர்க்கிறியள்? எங்கடை இவர் சபை தொடங்கினதிலை இருந்து வீட்டிலை கத்தரிக்காயும் கீரையும்தான். அவரின்ரை முகத்திலை இப்பிடிச் சிரிப்பைக் கண்டு எவ்வளவு காலம்! இன்னும் இரண்டு கிடந்தால் ஓலையிலை சுத்தித் தாங்கோ. வழிக்கு."

அப்படியாகப் பெண் பிடித்துவிட்டது. போகும்போது நமசிவாயம் ஆழ்வாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த கிழமை கலியாண எழுத்துக்கு நாள் வைக்க வாறம்," என்றார். "ஒண்டும் பெரிசாய்ச் செய்ய வேண்டாம். உந்தப் பிலாக்காய் மட்டும் காணும்."

அவர்கள் போனபின் நல்லம்மா அக்கா உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தா. ஆனால் ஆழ்வாப்பிள்ளை மீசையைத் தடவிக்கொண்டு, "பார்த்தீரோ? ஒரு குறியைக் கண்டு உள்ளுக்கு இருக்கிறதைச் சொல்லுறதெண்டால் சும்மாவோ?" என்று முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார். பிறவிச் சைவனுக்கு நீ இன்றைக்கு ஆடு தின்றாய் என்று எந்த வாயால் சொல்வது? எழுத்து முடியட்டும் என்று அக்கா வாயை மூடிக்கொண்டா. அங்கேதான் இரண்டாவது பிழை.

ஏனென்றால் ஆழ்வாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சம்பந்தி இவ்வளவு புகழ்ந்த பலகாரத்தை ஒரு போறணைக்காரியிடம் வாங்குவதா? அடுத்த கிழமை தானே செய்தார். வளவுப் பிலாவில் பிஞ்சாகப் பார்த்துப் பிடுங்கி, அவித்து, இடித்து, வெங்காயம் மிளகாயோடு வதக்கி, நெய்மாவில் மூடி, வாழைநாரை மூன்றாக மடித்து மேலே அமத்தி மூன்று கோடு போட்டார். நல்லம்மா அக்கா எவ்வளவோ தடுத்துப் பார்த்தா.

"யோசப்பினிட்டையே எடுப்பம்."

"ஏன், என்ரை கைக்கு என்ன குறை?"

"குறை இல்லை. பழக்கமான ருசி எண்டால்..."

"ருசி பிலாக்காயிலை கிடக்கு, யோசப்பினிலை இல்லை."

நமசிவாயம் மனைவியோடு வந்தார். நடையிலேயே ஒரு துள்ளல். கதிரையில் இருந்தவுடனே தட்டைப் பார்த்தார். மூன்று கோட்டைக் கண்டதும் முகம் மலர்ந்தது. எடுத்தார், கடித்தார், கண்ணை மூடினார். பிறகு கண்ணைத் திறந்து கையிலிருந்ததைப் பார்த்தார்.

"இது என்ன?"

"பிலாக்காய்."

"மெய்யாகவோ?"

"மெய்யாகவே! என்ரை வளவுப் பிலா. என்ரை கையாலை செய்தது."

நமசிவாயத்தின் முகம் கத்தரிக்காயாகச் சுருங்கியது. மீதியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். மீனாம்பிகை ஒன்றைப் பிய்த்து உள்ளே பார்த்து, பெருமூச்சோடு பொத்தி வைத்தா.

"அண்டைக்குச் சாப்பிட்டது வேறை மாதிரி," என்றார் நமசிவாயம். "இதிலை என்னவோ ஒண்டு... இல்லை."

"இதுதான் அசல் பிலாக்காய், சம்பந்தி!"

"ஓம், அதுதான் குறை," என்று அவர் முணுமுணுத்தது கதவுக்குப் பின்னால் கேட்டது. பிறகு சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார். "ஆடி வருகுது. எழுத்தை ஆவணிக்குப் பிறகு பார்ப்பம். அவசரம் என்ன."

அவசரம் என்ன என்று ஆண்கள் சொன்னால் அதன் கருத்து என்ன என்று ஞானாம்பிகைக்குத் தெரியும். அவர்கள் படலையைத் தாண்டியதும் அவள் குசினியிலிருந்து வெளியே வந்தாள். அதிகம் கதைக்காத பிள்ளை.

"அப்பா, முதல் சம்பந்தத்தைச் சரியாய்ச் சொல்லி முறிச்சியள். இதைச் சரியாய்ச் செய்து முறிக்கிறியள்," என்றாள். "ஏதாவது ஒண்டிலை பிழை விட்டால் எனக்கொரு வழி பிறக்கும்."

ஆழ்வாப்பிள்ளைக்கு அது சுட்டது. ஆனால் அதைவிடச் சுட்டது தன்னுடைய பிலாக்காய் ஒரு குருநகர்க்காரியின் பிலாக்காயிடம் தோற்றது. அப்போதே தொப்பியைப் போட்டுக்கொண்டு சுன்னாகத்துக்கு வெளிக்கிட்டார். நல்லம்மா அக்கா பின்னாலேயே ஓடினா.

யோசப்பின் போறணைக்கு முன்னால் மா பிசைந்துகொண்டிருந்தா.

"யோசப்பின், அண்டைக்கு நீர் வைச்ச பிலாக்காய் எந்த ஊர்ப் பிலாக்காய்?"

"எது, கயிறு போட்டதோ?"

"கயிறு துரை திண்ட ஆடு. நான் கேக்கிறது மூண்டு கோடு போட்ட பிலாக்காயை."

யோசப்பின் மா பிசைந்த கையை நிறுத்தினா. ஆழ்வாப்பிள்ளையைப் பார்த்தா. அவருக்குப் பின்னால் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டிய நல்லம்மா அக்காவைப் பார்த்தா. அவவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய விசயத்தை வாய்க்குள் வைத்திருக்கிற பழக்கம் மட்டும் அவவிடம் இல்லை.

"அதோ? அது குருநகர்ப் பிலாக்காய், ஐயா."

"குருநகரிலை ஏது பிலா? கடற்கரை மணல், உப்புத் தண்ணி."

"அது வேர்விடாத பிலா. கயித்திலை கட்டி வைக்காட்டில் நடந்து போயிடும்."

ஆழ்வாப்பிள்ளை சிரிக்கத் தொடங்கினார். பாதிச் சிரிப்பில் நின்றார். பிறகு அங்கே கிடந்த மாச்சாக்கில் மெல்ல உட்கார்ந்தார்.

"மூண்டு கோடு..." என்றார்.

"ஆவி போகவேணுமெண்டு முள்ளுக்கரண்டியாலை மேலை குத்திக் கீறினனான். இறைச்சிக்குள்ளை ஆவி நிண்டால் மா வெடிச்சுப்போடும். கரண்டிக்கு மூண்டு முள்ளு."

"அப்ப கயிறு?"

"பிலாக்காய் ஈரப்பதம். ஓரத்தாலை ஒழுகும். அதுதான் இறுக்கி முறுக்கினனான்."

"நான் திருநீறு எண்டல்லோ நினைச்சன்!"

"ஐயோ, ஆட்டுக்குத் திருநீறு பூசி ஆருக்கு என்ன புண்ணியம்? சொல்ல வந்தன், கையைத் தூக்கி மறிச்சியள். வெங்காயம் விக்கிறன் எண்டியள். சந்தையிலை இடம் பார்த்து வைக்கட்டோ?"

ஆழ்வாப்பிள்ளை மனைவி பக்கம் திரும்பினார். "நான் எத்தினை திண்டனான்?"

"இரண்டரை," என்றா நல்லம்மா அக்கா. "மிச்சப் பாதியைப் பூனை திண்டது."

"சம்பந்தி தெரியாமல்தானே திண்டவர்? பாவம் அந்த மனிசன்."

"தெரியாமலோ மூண்டாவதைக் கையிலை பிடிச்சுக்கொண்டிருந்தவர்? உங்கடை அசல் பிலாக்காயைத் திண்டுபோட்டு ஏன் முகத்தைத் தொங்கப்போட்டவர்?"

அப்போதுதான் அவருக்கு முழுவதும் இறங்கியது. கோபத்தில் எழும்பினார். "நாளைக்கே வட்டுக்கோட்டைக்குப் போறன். சபையிலை எழும்பி நிண்டு சொல்லுறன், உங்கடை தலைவர் ஆடு திண்டவர் எண்டு!"

"போங்கோ," என்றா நல்லம்மா அக்கா. "அங்கை, ஆர் பரிமாறினது எண்டு கேப்பினம். நான்தான் எண்டு சொல்லுங்கோ. விளிம்பைப் பார்த்தோ பரிமாறினியள் எண்டு கேப்பினம். அதுக்கும் ஓமெண்டு சொல்லுங்கோ. வரேக்கை ஞானத்துக்கு வேறை ஒரு மாப்பிளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

எழும்பியவர் திரும்ப மாச்சாக்கில் இருந்தார். ஆடு தின்றது ஒரு பாவம்தான். அதைக் கழுவலாம், விரதம் இருக்கலாம், கந்தசாமி கோயிலைச் சுற்றி வரலாம். ஆனால் விளிம்பைப் பிழையாகப் பார்த்தவன் என்ற பெயரை எந்தத் தண்ணியால் கழுவுவது?

அவர் கேணியில் மூழ்கினார். கந்தசாமி கோயில் உள்வீதியை விழுந்து விழுந்து கும்பிட்டுச் சுற்றினார். ஒருநாள் முழுக்கப் பட்டினி கிடந்தார். நாங்கள் அவருக்குக் காய்ச்சல் என்று நினைத்தோம். அதன்பிறகு திருநீறு பூசி, தெளிந்த முகத்தோடு வந்து மனைவியைக் கூப்பிட்டார்.

"யோசப்பினைச் செய்யச் சொல்லும். உள்ளுக்கு என்ன வைக்கிறாளெண்டு எனக்குச் சொல்லவும் வேண்டாம், நான் கேக்கவும் மாட்டன். மூடினாப் பிறகு சுட முன்னம் என்னட்டைக் கொண்டு வரட்டும். அந்த முள்ளுக்கரண்டியையும் கொண்டு வரட்டும். கோட்டை நான் போடுறன்."

"ஏன் நீங்கள்?"

"விளிம்பும் மேலும் என்ரை பொறுப்பு. உள்ளுக்குள்ளை போறது எப்பவும் என்ரை பழக்கமில்லை."

வட்டுக்கோட்டைக்கு நல்லம்மா அக்கா ஒரு சொல் சொல்லி அனுப்பினா: பழைய இடத்துப் பிலாக்காய் திரும்பவும் கிடைக்கிறது. மறுநாளே பதில் வந்தது. ஆடி பிறக்க முன்னம் நல்ல நாளொன்று இருப்பதாக நமசிவாயம் பஞ்சாங்கத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

எழுத்து நாளன்று வீடு நிறைந்துவிட்டது. நமசிவாயம் சபைக்காரர் எல்லோரையும் அழைத்து வந்திருந்தார். ஒவ்வொரு நெற்றியிலும் மூன்று கோடு. துரையும் வந்து தன்னுடைய பழைய கதிரையில் இருந்தார். விவாகப் பதிவாளர் பேனையை மையில் தொட்டுக்கொண்டு தயாராக இருந்தார். மாப்பிள்ளைப் பக்கம் முதலில் கையெழுத்து வைக்கவேண்டியவர் நமசிவாயம். அவர் பேனையை எடுக்கவில்லை. தட்டிலிருந்து ஒரு பற்றீஸை எடுத்தார்.

போன முறை ஏமாந்தவர். இந்த முறை கடித்துப் பார்த்தே கையெழுத்து என்று வந்திருந்தார். ஆனால் சபைக்காரர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் கனகசபாபதி என்ற ஒருவர், தலைவர் கதிரையில் கண் வைத்திருந்தவர், மூக்கை ஒருதரம் உறிஞ்சி, "இதென்ன மணம்?" என்று கேட்டும்விட்டார்.

நமசிவாயத்தின் கை அந்தரத்தில் நின்றது. கதவுக்குப் பின்னால் நல்லம்மா அக்காவும் மீனாம்பிகையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால் ஞானாம்பிகை, கலியாணச் சேலையில், நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சம்பந்தி," என்றார் நமசிவாயம். "இந்த விசயத்திலை உங்களை விடத் தெரிஞ்சவை இல்லை எண்டு ஊரெல்லாம் சொல்லுது. நீங்களே சபைக்குச் சொல்லுங்கோ."

ஆழ்வாப்பிள்ளை எழுந்தார். பற்றீஸை வாங்கினார். வெளிச்சத்துக்குப் பிடித்தார். மணந்தார், கொஞ்சம் அவசரமாக. நகத்தால் தட்டினார். மூன்று கோட்டையும் விரலால் தடவினார். அவர் கையே போட்ட கோடு.

"பிலாக்காய்," என்றார்.

"எந்த ஊர்ப் பிலாக்காய்?" கனகசபாபதி விடவில்லை.

"குருநகர்ப் பிலாக்காய். அந்தக் கடற்காத்துக்கு இப்பிடி ஒரு மணம் வரும். மலாயாவிலையும் கடற்கரைப் பிலாவுக்கு இதே மணம்தான். ஒண்டைச் சாப்பிட்டுப் பாருங்கோ."

கனகசபாபதி ஒன்றை எடுத்துக் கடித்தார். எல்லோரும் அவருடைய வாயையே பார்த்தார்கள். அவருடைய தாடை ஒருதரம் அசைந்து நின்றது. கண் மெல்ல மூடியது.

"பிலாக்காய்தான்," என்றார் அவர்.

அதன்பிறகு சபைக்காரர்களின் கைகள் தட்டில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. நமசிவாயம் எண்ணெய்க் கையாலேயே கையெழுத்து வைத்தார். பதிவுப் பத்திரத்தில் அந்த இடம் இன்றைக்கும் கண்ணாடி போலத் தெரியும் என்று செல்வரட்ணமே எனக்குச் சொன்னான்.

விறாந்தையில் துரைக்கு வேறு தட்டு. அதில் கயிற்று விளிம்பு. அது ஆழ்வாப்பிள்ளை தன் வளவுப் பிலாக்காயை வைத்து, தன் கையாலேயே மூடி முறுக்கியது. வீட்டில் ஒருவரும் தொடாத அந்தத் தட்டைத் துரை தனியே இருந்து முடித்துவிட்டு, வீட்டுக்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"மிஸ்டர் ஆழ்வாப்பிள்ளை, போன முறையிலும் பார்க்க இந்த மட்டன் திறம். யார் செய்தது?"

ஆழ்வாப்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்தார். மீசையை ஒருதரம் தடவினார்.

"நான்தான்," என்றார்.